ஆளுக்கொரு இனிஷியல்

சுடலைமுத்து இறந்து ஆறு வருடம் ஆகிறது. ராஜபாளையம் ரோட்டில் லாரியை முந்தப் பார்த்தான், முடியவில்லை. உயிரோடு இருந்த காலத்தில்கூட அவனை இத்தனை பேர் கூப்பிட்டதில்லை. இப்போது தோஹாவில், ஏசி ஓடுகிற ஒரு நர்சரியின் வராந்தாவில், காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் பேர்தான் ஏலம் போகிறது.

"மிஸ் சுடலைமுத்து, மஞ்சள் ரூமில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது!"

"மிஸ் சுடா, டயப்பர் எங்கே?"

கூப்பிடுகிறவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் மனைவி ஜோதிமணி அங்கே ஹெல்ப்பர். பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் ஏஜென்ட், "சர்நேம் என்னம்மா?" என்று கேட்டான். நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தான் உண்டு. கல்யாணம் வரைக்கும் அப்பன் பேர், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பேர். சு. ஜோதிமணி என்றாள். ஏஜென்ட் அந்தச் 'சு'வை முழுசாக விரித்து அவள் பேருக்குப் பின்னால் ஒட்டி அனுப்பிவிட்டான். வெளிநாட்டில் பின்னால் இருப்பதுதான் மரியாதையான பேராம். நர்சரி மேனேஜர் ஆமிரா, லெபனான்காரி, மரியாதை தெரிந்தவள். முதல் நாளே மிஸ் சுடலைமுத்து என்று கூப்பிட்டாள். ஜோதிமணி திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. விசாவே அந்தப் பேரில் இருக்கும்போது பழகாமல் என்ன செய்வது?

அவளுக்கு முப்பத்தைந்து வயது. மகள் கனிஷ்கா சங்கரன்கோவிலில் அக்கா பானுமதி வீட்டில் இருந்து ஏழாவது படிக்கிறாள். ஜோதிமணி தோஹாவில் நஜ்மா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில், இன்னும் மூன்று பெண்களோடு ஒரு ரூமில் இருக்கிறாள். ரூமில் இருந்து நர்சரி, நர்சரியில் இருந்து ரூம். இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. தண்ணி கேன் போடுகிற ராமையாதான் குறுக்கே வந்தார்.

ராமையா பரமக்குடிக்காரர். நாற்பது தாண்டியவர். மனைவி பிரசவத்தில் போய், பிள்ளையும் தங்கவில்லை. பிக்கப் வண்டியில் நர்சரிக்குக் கேன் கொண்டுவந்து இறக்குவார். இரண்டு வருடமாக ஜோதிமணி அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். தமிழ்நாட்டில் பிறந்த பெண்ணுக்கு, அறிமுகமில்லாத ஆம்பிளை எல்லாரும் அண்ணன்தானே. ஒருநாள் அவர் காலி கேன்களை அடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சம்மதம்னா நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிறேன். இல்லைன்னா கேன் வழக்கம்போல வந்துரும்."

அன்றிலிருந்து அவள் அண்ணே என்று கூப்பிடுவதை விட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. ஒருவரை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடாமலே மாசக்கணக்கில் பேசுவது பெரிய வித்தை. "இந்தா பாருங்க", "இங்க ஒரு கேன் ஒழுகுது" என்று ஓட்டினாள்.

அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளைத் தடுத்தது வேறு. ராமையாவைக் கட்டினால் அவள் ரா. ஜோதிமணி. மகள் சு. கனிஷ்கா. ஒரே வீட்டுக்குள் தாய்க்கு ஓர் எழுத்து, மகளுக்கு ஓர் எழுத்து. வீட்டுக் கதை முழுவதையும் வாசலில் எழுதி ஒட்டியதுபோலத்தான். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் முதலில் அதைத்தான் கேட்பான். அவர்கள் குடும்பத்தில் இரண்டாந்தாரமாக வந்தவள் உண்டு, இரண்டாம் தடவை போனவள் கிடையாது. பானுமதியிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதுட்டி" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மஞ்சள் ரூமுக்குக் கத்லா வந்தாள். மூன்று வயது. ஐஸ்லாந்து தேசத்துப் பிள்ளை. அப்படி ஒரு தேசம் இருப்பது ஜோதிமணிக்கு அப்போதுதான் தெரியும். ஐஸ்லாந்து என்றதும், மக்காச்சோள நார் மாதிரி முடியும் நீலக் கண்ணுமாக ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கறுத்த முடி, மூக்கெல்லாம் பொட்டுப் பொட்டாக மச்சம், பாசி படிந்த குளத்து நிறத்தில் கண்கள். தாய் சிக்ரூனுக்குச் செம்பட்டை முடி, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பெரிய ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபி வேலை.

சிக்ரூன் வந்த முதல் நாளே ஆமிராவோடு உரசினாள். "மேடம் என்று கூப்பிடாதீர்கள், சிக்ரூன் போதும்" என்றாள். ஜோதிமணியைக் காட்டி, "இவர் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"மிஸ் சுடலைமுத்து" என்றாள் ஆமிரா.

"அது அப்பா பேரா?"

"ஹஸ்பெண்ட் பேர்" என்றாள் ஜோதிமணி.

"எனக்கு உங்கள் பேர் வேண்டும்."

"ஜோதிமணி."

சிக்ரூன் அதைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு பல்லில் தடுக்கியது. மறுபடி சொன்னாள். அவர்கள் ஊரில் வாத்தியாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், மந்திரியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பின்னால் இருப்பது இன்னாருடைய பிள்ளை என்று காட்டுவதற்கு மட்டும், அதைச் சொல்லி யாரும் ஆளைக் கூப்பிடுவதில்லை. கத்லாவின் பையில் 'கத்லா குன்னர்ஸ்டோட்டிர்' என்று எழுதியிருந்தது. குன்னர் அவளுடைய அப்பா பேர், பெண்பிள்ளை என்பதால் டோட்டிர், ஆணாக இருந்தால் சன் என்று வரும் என்றாள் சிக்ரூன்.

"இனிஷியல்! எங்க ஊர்லயும் இதேதான்!" என்று ஜோதிமணி கத்தியே விட்டாள். தோஹா வந்த இத்தனை காலத்தில் சர்நேம் இல்லாத வெள்ளைக்காரியை அவள் பார்த்ததில்லை. ஒரே சாதிசனத்தைக் கண்ட மாதிரி இருந்தது.

அதன்பிறகு பிள்ளையைக் கூப்பிட வரும்போதெல்லாம் சிக்ரூன் கொஞ்ச நேரம் நின்று பேசுவாள். பாதி இங்கிலீஷ், பாதி கை. அவர்கள் தேசத்தின் மொத்த ஜனத்தொகையும் மதுரையில் கால்வாசி தேறாதாம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாம். அதனால் வாலிபப் பிள்ளைகள் பழகுவதற்கு முன்னால், கிட்டத்துச் சொந்தமாகிவிடக் கூடாதே என்று போனில் வம்சாவளியைத் தட்டிப் பார்ப்பார்களாம். ஜோதிமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சொந்தமாக இருக்கிறதா என்று பார்த்து, மாமன் மகனா அத்தை மகனா என்று தேடிப் பெண் கொடுக்கிற ஊர் அவளுடையது. இவர்கள் சொந்தமாக இருந்துவிடுமோ என்று பயந்து தேடுகிறார்கள்.

கத்லாவுக்கு ஏன் கறுத்த முடி என்றும் ஒருநாள் கேட்டாள். ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் நார்வேயில் இருந்து ஆம்பிளைகள் படகேறி வந்தார்கள், பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்தில் இருந்தும் ஸ்காட்லாந்தில் இருந்தும் வந்தவர்கள், சிலரைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள் என்றாள் சிக்ரூன். "அப்பன்மார் பேரைப் பரம்பரை பரம்பரையாகச் சொல்லுவோம். அந்தப் பெண்களில் பலருக்குப் பேர்கூடத் தெரியாது. முடியும் கண்ணும் மட்டும் அவர்களுடையது" என்றாள். ஜோதிமணி அந்தக் கறுத்த முடியை இரண்டு சடையாகப் போட்டுவிட்டாள்.

குன்னரையும் அவள் பார்த்தாள். கடலுக்குள் கேஸ் எடுக்கிற மேடையில் வேலை. மாதம் ஒருமுறை கரைக்கு வரும்போது வாசலில் நிற்பான். தாடி, நல்ல உயரம். "நான் குன்னர், கத்லாவின் அப்பா" என்று கை கொடுத்தான். சிக்ரூனும் அவனும் பிள்ளையை நடுவில் தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே போனார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் சிக்ரூன் கழுத்தில் தொங்குகிற ஆஸ்பத்திரி அட்டையை ஜோதிமணி ஒருநாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சிக்ரூன் ஐனார்ஸ்டோட்டிர்' என்று இருந்தது. குன்னர் இல்லை. ஐனார்.

பிள்ளைக்குக் குன்னர், தாய்க்கு ஐனார். நம் ஊரில் எந்தப் பெண்ணிடம் காட்டினாலும் உடனே கணக்கைச் சொல்லிவிடுவாள். குன்னர் முதல் புருஷன், பிள்ளை அவனுடையது. ஐனார் இப்போதைய புருஷன். ஜோதிமணிக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. தான் வெளியே சொல்லக் கூசுகிற விஷயத்தை இவள் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து நடக்கிறாளே என்றுதான் மலைத்தாள்.

தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "ஐனார் சார் எப்படி இருக்கிறார்?"

சிக்ரூனுக்கு ஆச்சரியம். "ஐனாரை உங்களுக்கு எப்படித் தெரியும்? நன்றாக இருக்கிறார். ஊரில்தான். எனக்கு அவர் ஞாபகமாகவே இருக்கிறது."

"கத்லா மேலே பிரியமா?"

"உயிர். என்னைவிட அவளைத்தான் பிடிக்கும். தினமும் போனில் பேசாமல் தூங்கமாட்டார்."

ஜோதிமணி இன்னொரு அடி வைத்தாள். "குன்னர் சாரும் அவரும் பேசுவாங்களா?"

"பேசுவதா? ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக மீன் பிடிக்கப் போவார்கள். போனால் சாப்பாட்டுக்குக்கூடத் திரும்ப மாட்டார்கள்."

முதல் புருஷனும் இரண்டாவது புருஷனும் ஒரே படகில்! சங்கரன்கோவிலில் இது நடந்திருந்தால் ஒருத்தர் ஆஸ்பத்திரியிலும் ஒருத்தர் ஜெயிலிலும் இருந்திருப்பார்கள். அவள் அன்று ரூமுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்தாள். மனசு லேசாக இருந்தது. ஓர் ஊரில் முடிகிறதென்றால் இன்னோர் ஊரில் ஏன் முடியாது? மறுநாள் கேன் இறக்க வந்த ராமையாவிடம், "பிள்ளை சரின்னு சொல்லிட்டா எனக்குச் சம்மதம்" என்றாள். அவர் தூக்கிய கேனை இறக்காமல் அப்படியே நின்றார்.

வெள்ளிக்கிழமை போனில் ஐமோ போட்டு மகளைக் கூப்பிட்டாள். ராமையா மாமாவைப் பற்றிச் சொன்னாள்.

"அப்பம் நான் யாரும்மா?" என்றாள் கனிஷ்கா.

"நீ நீதாம்ட்டி. உன் இனிஷியலை யாரும் தொட மாட்டாங்க. இங்க ஒரு வெள்ளைக்காரம்மா இருக்காங்க. அவங்க பிள்ளைக்கு மொத அப்பா பேரு, அவங்களுக்கு இப்பம் உள்ளவரு பேரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. அவங்கல்லாம் எம்புட்டுச் சந்தோசமா இருக்காங்க தெரியுமா? அந்த ரெண்டு பேரும் சேந்தே மீன் பிடிக்கப் போறாங்க."

"சரிம்மா" என்றாள் கனிஷ்கா. அந்தச் சரியில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் சாப்பிட்டேன், படித்தேன், வைக்கட்டுமா என்பதோடு சரி. ஜோதிமணி அதைச் சம்மதம் என்றே வைத்துக்கொண்டாள். நமக்குத் தேவையான பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் தோண்டிப் பார்க்க நாம் என்ன பைத்தியமா?

டிசம்பரில் ஒரு மத்தியானம், ஆமிரா வாசலில் இருந்து கூப்பிட்டாள். "மிஸ் சுடா, கத்லாவை அனுப்புங்கள். ஐனார் என்று ஒருவர் வந்திருக்கிறார்."

ஜோதிமணி முந்திக்கொண்டு ஓடினாள். அந்த மகாராசனை அவளுக்குப் பார்க்க வேண்டும். வாசலில் எழுபது வயதுக் கிழவர் நின்றிருந்தார். வெள்ளைத் தாடி, வெயிலில் தக்காளியாகச் சிவந்த கழுத்து. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குன்னரை விட்டுவிட்டு இந்தக் கிழவரையா? சரி, மனசுக்குப் பிடித்தால் வயசு என்ன செய்யும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வதற்குள், கத்லா "அவ்வி!" என்று கத்திக்கொண்டு போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே சிக்ரூன் காரைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"ஜோதிமணி, நீங்கள் விசாரித்துக்கொண்டே இருந்தீர்களே, இவர்தான். என் அப்பா."

"அப்பாவா?" ஜோதிமணி கிழவரையும் சிக்ரூனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பம் உங்க ஹஸ்பெண்ட்?"

"குன்னர்தான். வேறு யார்?"

"உங்க பேர்ல ஐனார்னு..."

சிக்ரூனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் ஆமிரா எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாங்கள் மாற்றுவதில்லை. கல்யாணம் செய்தால் நான் இன்னொருவருக்கு மகளாகிவிடுவேனா என்ன? பிறந்தது முதல் சாகும்வரை நான் ஐனார் மகள்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேறுதான்."

ஜோதிமணியும் கூடச் சிரித்து வைத்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஏறினாளோ அந்தக் கிளையே அங்கே இல்லை. இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிற வெள்ளைக்காரி என்று ஒருத்தியே கிடையாது. இல்லாத ஒருத்தியைச் சாட்சி வைத்துப் பெற்ற பிள்ளையிடம் பேசியிருக்கிறாள்.

சொல்லாமலும் விட்டிருக்கலாம். சங்கரன்கோவிலுக்கும் ஐஸ்லாந்துக்கும் போக்குவரத்தா இருக்கிறது? அவளால் முடியவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாயும் பக்கத்தில் இல்லை. அதனிடம் பொய்யும் சொல்லிவிட்டு இருப்பது சோற்றில் கல் மாதிரி உறுத்தியது. சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, நர்சரி பின்கட்டில் நின்று கூப்பிட்டாள்.

"கனி, அம்மா உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அந்த ஐனார் அவங்க புருஷன் இல்லை. அப்பா. அவங்க ரெண்டாம் கல்யாணமே பண்ணலை. அந்த ஊர்ல பொம்பளைங்க கல்யாணம் ஆனாலும் பேரை மாத்த மாட்டாங்களாம். எனக்குத் தெரியலைட்டி. உன்னைய ஏமாத்தணும்னு சொல்லலை."

கனிஷ்கா திருப்பிக் கேட்டாள்.

"மாத்தவே மாட்டாங்களா?"

"மாத்த மாட்டாங்களாம்."

"யாருமே?"

"யாருமே."

கனிஷ்கா அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. "அப்பம் நீயும் மாத்தாதம்மா. நீ அவரைக் கட்டிக்கோ. நான் ஒண்ணும் சொல்லலை. இப்பம் உனக்கும் 'சு', எனக்கும் 'சு'. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் அது இருக்கு. நீயும் மாத்திட்டின்னா நான் மட்டும் ஒத்தையில நிப்பேன்."

ஜோதிமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இத்தனை மாதமும் ஊர் என்ன சொல்லும், பெண் பார்க்க வருகிறவன் என்ன கேட்பான் என்று மண்டையை உடைத்தாள். பிள்ளைக்கு ஊரும் பொருட்டில்லை, மாப்பிள்ளையும் பொருட்டில்லை. அவளுக்கு ஓர் எழுத்தில் தாயோடு சேர்ந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அழாத. வைக்காத. லைன்லயே இரு" என்றாள்.

ராமையாவின் வண்டி அப்போதுதான் பின்வாசலில் வந்து நின்றது. ஜோதிமணி போனைக் கையில் வைத்தபடியே போனாள். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை.

"உங்களைக் கட்டிக்கிறேன். ஆனா பேரை மாத்த மாட்டேன். அவரு பேருதான் எனக்கு முன்னால இருக்கும். பிள்ளை ஒத்தையில நிக்க முடியாதுங்கா."

ராமையா கேனைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்தில் இருந்து எடுக்கவில்லை.

"செத்தவரு பேரை வச்சுக்கிட்டு எங்கூட இருக்கேன்றீங்க."

"ஆமா."

"எங்கண்ணன் கல்யாணப் பத்திரிகையில உங்க பேரைப் போடவே யோசிப்பாரு."

"யோசிக்கட்டும்."

"எனக்கு வருத்தமாத்தான் இருக்குங்க. இல்லைன்னு சொன்னா அது பொய்." அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா ஒரு பச்சப்பிள்ளைகிட்ட பிடுங்கி நான் என்ன வாழப்போறேன்? இருக்கட்டும்னு சொல்லிருங்க."

அவர் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஜோதிமணிக்குக் கண் மறைத்தது. போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டியா? சரின்னுட்டாரு."

"கேட்டுச்சு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் கனிஷ்கா, ராமையாவைப் பற்றி முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அவருக்கு என்ன இனிஷியல்மா?"

ஜோதிமணிக்குத் தெரியவில்லை. அவர் பேரைத் தன் பேரோடு ஒட்டியும் வெட்டியும் இத்தனை மாதம் பார்த்தவள், அந்த மனிதர் யார் பெற்ற பிள்ளை என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரு கேட்டுச் சொல்லுதேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, காலி கேனோடு வெளியே வந்தவரைக் கைதட்டி நிறுத்தினாள்.

"ஏங்க, உங்க அப்பா பேரு என்ன? பிள்ளை கேக்கா."